கட்டு அவிழ்த்த பிறகு

(இயக்கத் தோழர்களும் மாணவர்களும் கூடிய ஒரு வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

தோழர்களே,

எனக்குக் கொடுத்த தலைப்பு 'சாதியும் உடலும்'. தோழர் போனில் சொன்னபோது சரின்னு ஒத்துக்கிட்டேன். அப்புறம் உட்கார்ந்து யோசித்தால், அந்தத் தலைப்பில் பேச என்னைவிட அதிகம் படித்தவர்கள் இங்கேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். பூக்கோ, அதிகாரம், கட்டமைப்பு என்றெல்லாம் அவர்கள் பேசட்டும். நான் வங்கியில் குமாஸ்தா. கவிதை எழுதுகிறவன். எனக்குத் தெரிந்த உடல் ஒன்றே ஒன்றுதான். அதிலும் ஒரு கையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

இந்த இடது கை. பின்னால இருக்கிறவங்களுக்குத் தெரியாது, தூக்கிக் காட்டறேன். முழங்கை உள்பக்கமா வளைஞ்சிருக்கு பாருங்க. நடு விரலும் மோதிர விரலும் மடங்கியே இருக்கும். மணிக்கட்டை இப்படித் தொங்கவிட்டால் விரல் நீளும். மணிக்கட்டை நிமிர்த்தினால் விரல் மடங்கிக்கும். ரெண்டையும் ஒரே நேரத்தில் நிமிர்த்த முடியாது. ஏறக்குறைய 30 வருஷமாக இப்படித்தான்.

1996, மாசி மாசம். எனக்கு எட்டு வயது, மூணாம் வகுப்பு. எங்கள் ஊர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019இல் பிரித்த பிறகு கள்ளக்குறிச்சி மாவட்டம். மாசி, பங்குனியில் எங்கள் பக்கம் புளி உலுக்குகிற வேலை இருக்கும். மரம் ஆண்டையோடது. ஆம்பளைகள் ஏறி உலுக்குவார்கள், பொம்பளைகள் பொறுக்குவார்கள். உலுக்கலுக்கு விழாமல் நுனிக் கிளையில் தொங்குகிற பழத்துக்கு எடை குறைந்த பிள்ளைகளை ஏற்றுவார்கள். புளியமரத்துக் கிளை லேசில் முறியாது. என் கால்தான் வழுக்கியது. கையை ஊன்றி விழுந்தேன். முழங்கைக்குக் கொஞ்சம் மேலே எலும்பு போய்விட்டது. ஆண்டை வந்து பார்த்து, "பையனை யாருடா மரத்துல ஏத்துனது?" என்று கேட்டார். ஏற்றச் சொன்னவரே அவர்தான். யாரும் அதைச் சொல்லவில்லை.

எலும்பு கட்டுகிறவர் மூணு மைல் தள்ளி இன்னொரு ஊரில், ஊர்த்தெருவில் இருந்தார். காலனி ஆட்களுக்கு அவர் கட்ட மாட்டார் என்று இல்லை. கட்டுவார். அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். மூங்கில் பிளாச்சு நாலு, கிழித்த வேட்டித் துணி, கொட்டாங்குச்சியில் உளுத்தம் மாவும் முட்டை வெள்ளைக்கருவும் குழைத்தது, எல்லாத்தையும் வாசலில் தரையில் வைத்துவிட்டுத் திண்ணைக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். அங்கேயிருந்து அவர் சொல்லச் சொல்ல, கூட வந்தவர்கள் கட்ட வேண்டும். நைனா கையைப் பிடித்து இழுத்தார். அம்மா மாவைத் தடவி, பிளாச்சு வைத்து, துணியைச் சுற்றினாள். "இறுக்கு." அம்மா இறுக்கினாள். "இன்னும் இறுக்கு. எலும்பு நவுந்துக்கும்." இன்னும் இறுக்கினாள். காசைத் தரையில் வைத்தோம். அவர் அதன்மேல் தண்ணீர் தெளித்து எடுத்தார் என்று பல வருஷம் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது, அது நான் பின்னால் படித்த கதைகளிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதோ என்று சந்தேகம். அதனால் அதை விட்டுவிடுகிறேன். மற்றதெல்லாம் கண்ணால் பார்த்தது.

அன்று ராத்திரி முழுக்க அழுதேன். மறுநாள் விரல்கள் வீங்கி நீலம் பாய்ந்திருந்தன. அம்மா என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மறுபடியும் மூணு மைல் நடந்தாள். அவர் திண்ணையிலிருந்தே பார்த்தார். "வீக்கம் தானா வத்தும், கட்டை அவுத்துடாதே" என்றார். மூணாம் நாள் வலி நின்றுவிட்டது. அம்மா குலசாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள். அஞ்சாம் நாள் நாற்றம் வந்தது. அதற்குப் பிறகுதான் பஸ் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வலி நின்றது ஏன் என்று எனக்குத் தெரியவர இருபது வருஷம் ஆனது. நரம்பு உணர்ச்சியை இழந்துவிட்டது, அவ்வளவுதான்.

இதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இங்கே இருக்கிற மாணவர்களுக்கும், கிராமத்தில் வேலை செய்கிற தோழர்களுக்கும் நாளைக்கே தேவைப்படலாம். முழங்கைக்கு மேலே எலும்பு முறியும்போது, முறிந்த முனை கையின் முன்பக்கமாக ஓடுகிற ரத்தக்குழாயை நெருக்கலாம். உள்ளே ரத்தம் கசியும், சதை வீங்கும். வீக்கத்துக்கு இடம் வேண்டும். வெளியே நாலு பிளாச்சு, காய்ந்து கல்லான உளுத்தம் மாவு. வெளியே போக வழியில்லாத வீக்கம் உள்பக்கம் அழுத்துகிறது. தசைக்குப் போகிற ரத்தம் நிற்கிறது. ரத்தம் இல்லாமல் தசை சுமார் 6 மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதற்குமேல் போனதைத் திருப்ப முடியாது. செத்த தசை தழும்பாகிச் சுருங்கி, விரல்களை உள்ளே இழுத்துக்கொள்ளும். 1881இல் ரிச்சர்ட் ஃபான் ஃபோல்க்மன் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் இதை விவரித்து எழுதினார். அவர் பெயரிலேயே 'ஃபோல்க்மன் சுருக்கம்' என்கிறார்கள். இந்த ஆள் ரிச்சர்ட் லியாண்டர் என்ற புனைபெயரில் கவிதையும் தேவதைக் கதைகளும் எழுதியவர் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. என் கைக்குப் பெயர் வைத்தவனும் நம்ம கட்சிதான்.

ஃபோல்க்மன் பார்த்தது ஜெர்மன்காரர்களின் கைகளை. அங்கேயும் காரணம் இறுக்கமான கட்டுதான். ஆகவே, இது மூங்கில் பிளாச்சின் குற்றம், நாட்டு வைத்தியத்தின் குற்றம் என்று முடித்துவிட முடியாது. ஆஸ்பத்திரியில் போடுகிற மாவுக்கட்டும் இதைச் செய்யும். வித்தியாசம், கட்டிய பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது. பிள்ளையின் விரலைப் பிடித்து மெதுவாக நீட்டிப் பார்க்க வேண்டும். பிள்ளை தாங்காமல் அலறினால் அதுதான் முதல் எச்சரிக்கை, கட்டை உடனே தளர்த்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும். விரல் நுனியைத் தடவி உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மணிக்கட்டில் நாடி பார்க்க வேண்டும். நாடி இருக்கிறது, பயமில்லை என்று அதோடு விட்டுவிடவும் கூடாது, நாடி இருக்கும்போதே உள்ளே தசை செத்துக்கொண்டிருக்கலாம்.

இந்த நாலையும் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு செய்ய முடியாது.

வங்கியில் என்னோடு வேலை செய்கிற ஒருவர், நல்ல மனுஷர்தான், இதைக் கேட்டுவிட்டு, "படிப்பறிவு இல்லாத காலம் சார், மூடநம்பிக்கை" என்றார். 1996ஐத்தான் காலம் என்கிறார். அந்த எலும்பு கட்டுகிறவருக்குத் தொழில் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. ஊர்த்தெருப் பிள்ளைகளுக்கு அவர் கட்டிய கைகள் நேராக இருக்கின்றன, நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு அவர் கையால் கட்டினார். மறுநாள் வீட்டுக்கே போய் விரலைப் பிடித்துப் பார்த்திருப்பார். தெரிந்த வைத்தியத்தின் பாதியை எங்களுக்குக் கொடுத்தார். மிச்சப் பாதி அவர் கையில் இருந்தது, அந்தக் கை எங்கள் பக்கம் வராது.

அண்ணல் அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்று ஒரு சிறிய நூல் எழுதியிருக்கிறார். படிக்காதவர்கள் இன்றைக்கே படியுங்கள், ஒரு மணி நேரம் போதும். அதில் 1929இல் நடந்த ஒன்றைச் சொல்கிறார். பம்பாய் அரசாங்கம் தீண்டப்படாதவர்களின் குறைகளை விசாரிக்க ஒரு குழு போட்டிருந்தது. அவர் அதில் உறுப்பினர். துலியா ரயில் பாதையில் இருந்த ஒரு கிராமத்துக்குப் போய்த் திரும்பும் வழியில் சாலிஸ்கானில் இறங்குகிறார். மகர்வாடா மக்கள் அவரைத் தங்கள் இடத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஸ்டேஷனில் இருந்த குதிரைவண்டிக்காரர்கள் ஒரு தீண்டப்படாதவரை வைத்து ஓட்ட மாட்டோம் என்கிறார்கள். வண்டியை வாடகைக்குத் தருகிறோம், ஓட்டுவதற்கு வேறு ஆள் பார்த்துக்கொள் என்று ஏற்பாடு. வண்டியே ஓட்டிப் பழகாத ஒருவர் ஓட்டுகிறார். பாலத்தருகே வண்டி தடுமாறி, அம்பேத்கர் கல் தரையில் தூக்கி எறியப்படுகிறார். கால் எலும்பு முறிகிறது. பல நாள் நடக்க முடியவில்லை.

பாருங்க, வண்டி கொடுத்தார்கள். ஓட்டத் தெரிந்த கையைக் கொடுக்கவில்லை. எனக்குப் பிளாச்சும் மாவும் கொடுத்த மாதிரி.

அதே நூலில், கத்தியவாரில் பிரசவமான ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவியைப் பார்க்க வந்த டாக்டரின் கதையும் இருக்கிறது. அவர் சேரிக்குள் வரமாட்டார். நோயாளியை வெளியே கொண்டுவந்து கிடத்துகிறார்கள். டாக்டர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். அதே வழியில் தெர்மாமீட்டர் திரும்பிப் போகிறது. அந்தப் பெண் செத்துப்போகிறாள். அதை முதன்முதலில் படித்தபோது நான் அந்தப் பக்கத்தைத் தாண்டமுடியாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் நடந்தது தனி நிகழ்ச்சி என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வருவோம். டாக்டர் கட்டை வெட்டி எடுத்தார். தோல் கறுத்துக் கொப்பளித்திருந்தது. அவர் என் கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகத் தொட்டார். எங்கள் தெருவுக்கு வெளியே ஒருவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. பிடித்துக்கொண்டே அம்மாவைத் திட்டினார். "அறிவு இருக்காம்மா உனக்கு? நாட்டுக் கட்டுக் கட்டிக் கையைக் கெடுத்துட்டியே." அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் 'நாட்டு வைத்தியம், இறுக்கமான கட்டு' என்று எழுதியிருப்பார். பாடப் புத்தகத்திலும் அப்படித்தான் இருக்கிறது. யார் கட்டினார், கட்டியவர் ஏன் திரும்பத் தொட்டுப் பார்க்கவில்லை என்று கேட்கிற கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை.

புண் ஆறியது. எலும்பு கூடிவிட்டது, எட்டு வயசுப் பிள்ளைக்கு நாலைந்து வாரத்தில் எலும்பு கூடிவிடும். கோணலாகக் கூடியது. வாரத்துக்கு ரெண்டு நாள் பயிற்சிக்கு வரச் சொன்னார்கள். போக வர அரை நாள். அம்மாவுக்கு ரெண்டு நாள் கூலி போகும். ஒரு மாசம் கூட்டிப்போனாள், பிறகு நடவு வந்துவிட்டது. தசைநாரை நீட்டுகிற அறுவை சிகிச்சை ஒன்று உண்டு என்று என் 17ஆவது வயதில் ஒரு டாக்டர் சொன்னார். சின்ன வயசிலேயே செய்திருக்கலாமே என்றார். செய்திருக்கலாம்.

யாரும் சொல்லாத ஒன்று, தழும்பு வளராது என்பது. நான் வளர்ந்தேன், கை எலும்பு நீண்டது, உள்ளே செத்த தசை அதே எட்டு வயசு நீளத்தில் நின்றது. அதனால் ஒவ்வொரு வருஷமும் விரல் இன்னும் கொஞ்சம் மடங்கியது. முறிந்தது ஒருநாள்தான், ஆனால் கை கெட்டது பத்து வருஷம் நடந்தது. அதோடும் முடியவில்லை. 2021இல் ஒருநாள் காலையில் சுண்டு விரல் மரத்துப்போயிருந்தது. கோணல் முழங்கையைச் சுற்றிப் போகிற நரம்பு இத்தனை வருஷம் உரசி உரசி இப்போது தகராறு பண்ணுகிறது, இது பல வருஷம் கழித்து வரக்கூடியதுதான் என்றார்கள். 25 வருஷத்துக்கு முந்தின புளியமரம்.

இப்போது ஒரு சங்கடமான விஷயம். எங்கள் குடும்பம் பறை அடிக்கிற குடும்பம். தாத்தா, நைனா, சித்தப்பா எல்லாரும். ஊரில் சாவு விழுந்தால் ஆள் வரும், போக வேண்டும். வலது கையில் அடிக்குச்சி. இடது கை பறையின் விளிம்பில் இருந்துகொண்டே சுண்டுக்குச்சியைச் சுண்ட வேண்டும், அதற்கு விரல் வேண்டும். எனக்கு அது போய்விட்டது. கதிர் அறுக்க இடது கையால் தாளைப் பிடிக்க வேண்டும், அதுவும் முடியாது. ஆகவே என்னை யாரும் கூப்பிடவில்லை. "இவன் எதுக்கும் ஆவமாட்டான், படிக்கட்டும்" என்றார் நைனா. என் தம்பியை ஒன்பதாவதோடு நிறுத்திச் சாவுக்குக் கூட்டிப்போனார்கள். நான் பி.காம். முடித்தேன். "கை ஒடைஞ்சதாலதான்டா உனக்குப் பேங்க்கு வேலை" என்று தம்பி குடித்துவிட்டுச் சொல்வான். குடிக்காதபோது சொல்லமாட்டான். இதற்கு நான் என்ன பதில் சொல்ல? ஒரு பிள்ளை படிக்கிறதுக்கு அவன் கை உடைய வேண்டியிருந்தது என்று சொல்லலாம், மேடையில் நன்றாகத்தான் இருக்கும். அவன் முகத்தைப் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கல்லூரியில் படிக்கும்போது இயக்கத்துக்கு வந்தேன். தோழர்கள் பறையைக் கையில் எடுத்து வட்டமாக நின்று ஆடினார்கள். இது சாவு மேளம் இல்லை, விடுதலையின் இசை என்றார்கள். எனக்கு உடம்பெல்லாம் அதிர்ந்தது. பறையர் வீட்டுப் பிள்ளை நான் ஓரமாக நின்று கை தட்டினேன். கை தட்டலும் சரியாக வராது, வலது உள்ளங்கையால் இடது புறங்கையில்தான் தட்டுவேன். 'வாடா நீயும் அடி' என்று யாராவது கூப்பிடும்போது கையைப் பின்னால் மறைத்துக்கொள்வேன். அந்த வெட்கம் எங்கேயிருந்து வந்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.

வேலைக்கு வருவோம். 2011இல் வங்கித் தேர்வு எழுதினேன். அப்போது 1995ஆம் வருஷத்து ஊனமுற்றோர் சட்டம், 3 சதவீத ஒதுக்கீடு. 40 சதவீதமாவது ஊனம் இருந்தால்தான் சான்றிதழால் பிரயோஜனம். 2016இல் வந்த புதுச் சட்டம் மத்திய, மாநில அரசு வேலையில் ஒதுக்கீட்டை 4 ஆக்கியது, 40 சதவீதம் என்ற கோட்டை அப்படியே வைத்திருக்கிறது. மருத்துவக் குழு முன்னால் நின்றேன். கோணமானி வைத்து மூட்டு எவ்வளவு மடங்குகிறது என்று அளந்தார்கள், பிடியின் பலம் பார்த்தார்கள். பிறகு செயல்கள். 2001இல் வெளியான வழிகாட்டுதலில் கைக்குப் பத்துச் செயல்கள் உண்டு, ஒன்றுக்கு 9 வீதம் 90. தலைக்கு மேலே பொருளைத் தூக்குவது, மூக்கைத் தொடுவது, கையால் சாப்பிடுவது, தலை வாருவது, சட்டை போடுவது, கால் கழுவுவது, தம்ளரில் தண்ணீர் குடிப்பது, பொத்தான் மாட்டுவது, நாடா முடிவது, எழுதுவது.

நல்ல பட்டியல்தான். குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பட்டியலைப் போட்டவர்களுடைய நாள் எப்படி ஆரம்பித்து எப்படி முடிகிறது என்று அதிலேயே தெரிகிறது. நாற்று முடியைப் பிரிப்பது அதில் இல்லை. தாளைப் பிடித்து அறுப்பது இல்லை. தண்ணீர்க் குடத்தை இடுப்பில் அணைப்பது, சாணி வாருவது, சட்டியில் கலவை தூக்குவது, எதுவும் இல்லை. எங்கள் காலனியில் சித்தாள் வேலைக்குப் போகிற ஒரு அக்கா சாரத்திலிருந்து விழுந்து வலது மணிக்கட்டு கோணலாகக் கூடிவிட்டது. அக்கா சாப்பிடுவார், தலை வாருவார், பொத்தான் மாட்டுவார். சட்டியைத் தலைக்குத் தூக்க முடியாது, ஈரத்துணி பிழிய முடியாது. அவரைப் பொறுத்தவரை கை நூற்றுக்கு நூறு போய்விட்டது. மேஸ்திரி முதல் நாள் ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், அதோடு சரி.

எனக்கு 32 வந்தது. "தம்பி, வலது கை நல்லா இருக்கே, அப்புறம் என்ன?" என்றார் டாக்டர், அன்பாகத்தான் சொன்னார். 8 குறைவு. எஸ்.சி. இடத்தில் தேர்வானேன். அலுவலகத்தில் இன்றைக்கும், "அவருக்கென்ன, ரெண்டு கோட்டா" என்று பேசுகிறவர்கள் உண்டு. ஒன்றுதான், இன்னொன்று கிடைக்கவில்லை என்று விளக்கிக்கொண்டிருக்க எனக்கும் அலுப்பு.

கேஷ் கவுண்டரில் எப்படி எண்ணுவார்கள் என்று பார்த்திருப்பீர்கள். 100 நோட்டு ஒரு கட்டு. இடது கையில் விரலிடுக்கில் கட்டைச் செருகி மடக்கி, வலது கட்டை விரலால் தள்ளித் தள்ளி எண்ணுவார்கள். என்னால் செருக முடியாது. மேசைமேல் படுக்கவைத்து, முழங்கையால் அமுக்கிக்கொண்டு எண்ணுவேன். மெஷின் இருக்கிறது. ஆனால் கிழிசல், அழுக்கு, கள்ள நோட்டுக்கு விரல்தான். 2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 செல்லாது என்று அறிவித்தார்கள். டிசம்பர் 30 வரைக்கும் எங்கள் கிளை வாசலில் கூட்டம். பத்து நாளில் முன்கை கட்டையாகிவிட்டது, முழங்கை வீங்கியது. கொஞ்ச நாள் வேறு சீட் கொடுங்கள் என்று கேட்டேன். "சர்ட்டிபிகேட் இருக்கா?" என்றார் மேலாளர். 32 சதவீதச் சான்றிதழை எடுத்துக் காட்டினேன். "இது நாப்பது இல்லையே" என்று திருப்பிக் கொடுத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்ற ஒரு கிழவி, நூறு நாள் வேலைக் காசை மாற்ற வந்தவள், என் கையை உற்றுப் பார்த்துவிட்டு, "மெதுவா எண்ணு சாமி, ஒண்ணும் அவசரமில்ல" என்றாள். அந்த 50 நாளில் என்னிடம் அப்படிச் சொன்னது அவள் ஒருத்திதான். அவளுக்கும் அவசரம் இருந்திருக்கும்.

இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன் என்றால், நாம் எழுதுகிற அறிக்கைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு கிராமத்தில் தாக்குதல் நடக்கிறது. உண்மை அறியும் குழு போகிறது. அறிக்கை எழுதுகிறோம். வீடுகள் இத்தனை எரிந்தன, ஆடு மாடு இத்தனை, 'கை முறிவு 3, கால் முறிவு 2'. ஒரே வரி. அதற்குப் பிறகு அந்த அஞ்சு பேரை யாராவது போய்ப் பார்த்திருக்கிறோமா? 1999 ஜூலை 23, தாமிரபரணி. 17 பேர் என்கிற எண் இங்கே எல்லோருக்கும் மனப்பாடம். மனப்பாடமாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்குத் தடியடியில் எலும்பு முறிந்தவர்கள் அடுத்த நாளிலிருந்து என்ன வேலைக்குப் போனார்கள், அந்தக் கையால் தேயிலை கிள்ள முடிந்ததா, நான் உட்பட நம்மில் யாரும் கேட்டதில்லை.

சட்டம் தெரிந்த தோழர்கள் இருக்கிறீர்கள், தப்பிருந்தால் திருத்துங்கள். எலும்பு முறிந்தால் அது சாதாரணக் காயம் இல்லை, கொடுங்காயம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 320ஆம் பிரிவு. 2024 ஜூலை 1இலிருந்து வந்திருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் 116. எக்ஸ்ரே எடுக்காமல், ஆஸ்பத்திரிப் பதிவில் ஏறாமல் போனால் வழக்கில் அது வெறும் அடி. அடிபட்ட அன்றைக்கே நம் ஆட்கள் வெட்கப்பட்டோ பயந்தோ நாட்டுக் கட்டுக்குப் போய்விடுகிறார்கள். வன்கொடுமைத் தடுப்பு விதிகளிலும் உடல் ஊனத்துக்கு நிவாரணம் உண்டு. அங்கேயும் சதவீதம்தான். நூறு, ஐம்பதுக்கு மேல், ஐம்பதுக்குக் கீழ் என்று மூணு படி. கட்டுப் பிரித்து, எது நிரந்தரம் என்று தெரிந்தபின் மறுபடியும் அளக்கக் கூட்டிப்போக ஆள் வேண்டும். அதற்குள் குழு அடுத்த கிராமத்துக்குப் போயிருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். தலையில் அடி விழும்போது நாம் என்ன செய்வோம்? முன்கையைத் தூக்கித் தடுப்போம். அப்போது சுண்டு விரல் பக்கத்து முன்கை எலும்பு மட்டும் நடுவில் முறியும். ஆங்கில மருத்துவத்தில் அதற்கு 'நைட்ஸ்டிக் முறிவு' என்றே பெயர். நைட்ஸ்டிக் என்றால் போலீஸ்காரர் கையில் இருக்கிற தடி. கையை ஊன்றி விழுந்தால் பெரும்பாலும் மணிக்கட்டுப் பக்கம் கட்டை விரல் பக்கத்து எலும்புதான் முறியும். 'ஓடும்போது தடுக்கி விழுந்தார்' என்று எழுதப்படுகிற கைகளின் எக்ஸ்ரேயை வாங்கிப் பாருங்கள். அது ஒன்றே வழக்கை ஜெயித்துத் தராது. ஆனால் தடியின் பெயர் எலும்பிலேயே எழுதியிருக்கும்போது, நாம் அந்த எக்ஸ்ரேயை வாங்கிப் பத்திரப்படுத்துகூட இல்லை.

முடிக்கிற நேரம் ஆச்சுன்னு தோழர் கைகாட்டறார். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது அறுபதுக்குமேல். இத்தனை வருஷமாக, "நாந்தான் இறுக்கிக் கட்டுனேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். யார் என் கையைப் பற்றிக் கேட்டாலும், நான் வாயைத் திறப்பதற்கு முன் அவள் சொல்லிவிடுவாள், நாந்தான் கட்டுனேன். என் பெண்டாட்டியிடம், கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன அன்றைக்கே சொன்னாள். ஃபோல்க்மன், ஆறு மணி நேரம் எல்லாம் படித்த பிறகு, ஒருநாள் ஊருக்குப் போய் அவளை உட்காரவைத்து விளக்கினேன். "நீ இறுக்குனது தப்பே இல்லம்மா. யாரு கட்டுனாலும் அப்படி ஆவலாம். அந்தாளு ரெண்டாம் நாளு கீழ எறங்கி வந்து என் வெரலைத் தொட்டிருந்தா போதும், தெரிஞ்சிருக்கும், அவுத்திருக்கலாம். அவரு தொடாததுதான்" என்றேன். உங்களுக்குச் சொன்ன எல்லாத்தையும் சொன்னேன். நகத்தை அழுத்திக் காட்டினேன். விரலை நீட்டினால் பிள்ளை அலறும், அதுதான் முதல் அடையாளம் என்றும் சொன்னேன்.

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள்:

"அன்னிக்கி ராத்திரி நீ அழுத. வெரலு வெரலுன்னு அழுத. காலையில வேலைக்குப் போவணுமேன்னு நான் ஒன்ன அடிச்சேன்டா."

அதற்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கேள்வி இருந்தா கேளுங்க.